மந்தாரையின் கீழ்ப்பாதி

மர டாக்டர் வந்து இருபது நிமிஷம் ஆகியும் மரத்தின் பக்கமே போகவில்லை. காம்பவுண்டு சுவரோரமாக நடந்தாள். குனிந்து புல்லைப் பார்த்தாள். செம்பருத்தி இலை ஒன்றைப் புரட்டிப் பார்த்தாள். கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கே போய், எதிர்வீட்டு வாசலில் நின்ற இன்னொரு மந்தாரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள். கட்டிலில் கிடக்கிற சீக்காளியை விட்டுவிட்டு அக்கம்பக்கத்துக்காரர்களின் நாடியைப் பிடித்துப் பார்க்கிற டாக்டரை அக்கா இதுவரை கண்டதில்லை. டாக்டர்களைக் கண்டதில்லை என்றும் சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள் அவள்.

அக்கா என்றால் ஊருக்கே அக்கா. வரிசையில் தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிற எண்பது வயதுக்காரர்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார். டாக்டர்கள் சீட்டில் கிறுக்கியிருப்பதை வாசித்து, மாத்திரையை எண்ணிப் போட்டு, உறையின் மேல் காலை, மாலை என்று முத்து முத்தாக எழுதிக் கொடுப்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு மாத்திரை மாறிப் போனதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. உண்மையிலேயே அவளை அக்கா என்று கூப்பிட வேண்டியவன் ஒருவன்தான். அவன் மாடியில் குடியிருக்கிறான். அவனோடு அவள் பேசி ஏழு வாரம் ஆகிறது.

அப்பா அம்மா விட்டுப்போன வீடு அது. கீழ்வீடு அக்காவுக்கு, மேல்வீடு தம்பிக்கு. அக்கா கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தம்பிக்கு மனைவியும் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்ணும். நடுவாசலில் நிற்கிற மந்தாரை இரண்டு பேருக்கும் பொது. நாற்பது வயது மரம், ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத அடிமரம். பூத்தால் தெருவில் போகிறவர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த இலையையும் பார்த்திருப்பீர்கள், ஆட்டுக் குளம்பு போல நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். இப்போது கண்ணில் படுகிற இலைகள் எல்லாம் கரண்டிக் குழி போலச் சுருண்டு, காம்பு முறுக்கிக்கொண்டு, நரம்புகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. புதிதாக வந்த தளிர் தளிராகவே இல்லை.

இதை யார் செய்தது என்பதில் அக்காவுக்கு இம்மியளவும் சந்தேகம் கிடையாது. மாடிக்குத் தனியாக வெளிப்படி கட்டவேண்டும் என்று தம்பி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மரத்தின் பெரிய கிளை ஒன்று குறுக்கே நிற்கிறது. வெட்டக்கூடாது என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். பேச்சு முற்றி, "அது என்ன சாகாவரம் வாங்கிட்டு வந்த மரமா? ஒருநாள் தானாப் போகும், அப்போ கட்டிக்கிறேன்" என்று தம்பி சொல்லிவிட்டுப் படியேறிப் போனான். பத்தே நாளில் இலை சுருள ஆரம்பித்தது. அடுத்த வாரம், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, சமையலறை ஜன்னல் வழியாக அவள் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். தம்பி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி வந்து மரத்தின் வேரில் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். மறுநாளும் அதே. கையும் களவுமாக என்பது இதற்குத்தான் பெயர்.

அன்றைக்கே குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்: "வேரில் விஷம் ஊற்றுகிறவன் எனக்குத் தம்பி இல்லை." குழுவில் முப்பத்தொரு பேர். பெரியம்மா மகன் கண்ணீர் விடுகிற பொம்மை ஒன்றை அனுப்பினான். சித்தப்பா வழக்கம்போலக் காலை வணக்கம் படம் போட்டார். தம்பி ஒரு எழுத்து பதில் எழுதவில்லை. குற்றம் செய்யாதவன் சும்மா இருப்பானா என்று அக்கா கேட்டாள். கேட்டது தன்னையேதான். பதிலும் அவளே சொல்லிக்கொண்டாள்.

நகராட்சியின் மரப் பிரிவுக்கு எழுதிய புகார் சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது. இரண்டு பக்கம், டைப் அடித்து, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. மரம் தெரிந்த ஒருவரின் அறிக்கையை அதோடு இணைக்க வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. மரத்துக்கு விஷம் வைப்பது குற்றம். அரசாங்க வேலையில் இருக்கிறவன் செய்தால் அபராதத்தோடு நிற்காது, அவனுடைய ஆபீசுக்கும் கடிதம் போகும். தம்பி நில அளவை அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாகக் குமாஸ்தா. பதவி உயர்வுப் பட்டியல் இந்த மாதம் வரவேண்டும். இதெல்லாம் அக்காவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் எழுதினாள்.

அந்த அறிக்கைக்காகத்தான் மர டாக்டர் இந்தச் சனிக்கிழமை காலை வந்திருக்கிறாள். நாற்பதை நெருங்குகிற பெண், சேறு காய்ந்த பூட்ஸ், கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி. ஒருவழியாக மரத்தடிக்கு வந்தாள். அக்கா முந்திக்கொண்டு அடிமரத்தில் இடுப்பு உயரத்தில் இருந்த ஒரு துளையைக் காட்டினாள். டிரில் போட்டு உள்ளே மருந்து ஏற்றியிருக்கிறான் என்று விளக்கம் வேறு சொன்னாள். மர டாக்டர் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, இது துணிக்கொடி கட்ட அடித்த ஆணி, பட்டை அதைச் சுற்றி வளர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றாள். அந்த ஆணியை அடித்தது அக்காதான். நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு மர டாக்டர் தன் போக்கில் வேலை செய்தாள். சிறு கத்தியால் நாலைந்து கிளைகளில் பட்டையை நகத்தளவு கீறினாள். உள்ளே பச்சையாக இருந்தது. சுருண்ட இலைகளைப் பிரித்துக் கண்ணாடியில் பார்த்தாள். பூச்சி இல்லை, முட்டை இல்லை, பூஞ்சணம் இல்லை. குழாய் மாதிரி ஒரு கருவியை மரத்தைச் சுற்றி நான்கு இடத்தில் மண்ணில் இறக்கி உருவினாள். வந்த மண் நசநசவென்று ஈரமாக இருந்தது. முகர்ந்தாள், தண்ணீரில் கரைத்துச் சோதனைக் காகிதத் துண்டை நனைத்துப் பார்த்தாள். மண்ணில் ஒன்றும் இல்லை, யாரோ தண்ணீரை மட்டும் ஏகத்துக்கு ஊற்றியிருக்கிறார்கள், இதை நிறுத்தினால் நல்லது என்றாள்.

விஷத்தை மறைக்கத் தண்ணீர் ஊற்றியிருப்பான் என்றாள் அக்கா. மர டாக்டர் பைனாகுலரை அவள் கையில் கொடுத்து உச்சியைப் பார்க்கச் சொன்னாள். அக்கா பார்த்தாள். உச்சி இலைகள் தட்டையாக, பளபளவென்று, ஒரு குறையும் இல்லாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஏழு வாரமாகக் கீழே நின்று கீழ்க்கிளையையே பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள், தலையை நிமிர்த்தி மேலே பார்த்ததே இல்லை.

"மாடிக் கைப்பிடிச் சுவர் உசரம் வரைக்கும்தான் சுருட்டல்" என்றாள் மர டாக்டர். "கோடு போட்ட மாதிரி இருக்கு, பாருங்க. வேர்ல ஏதாவது ஊத்தியிருந்தா உச்சி வரைக்கும் ஏறியிருக்கும். மாடியிலேருந்து கொட்டியிருந்தா மேல் இலைதான் முதல்ல கெடும். இது கீழ நின்னு மேல அடிச்சது. எட்டின வரைக்கும் பட்டிருக்கு."

செம்பருத்தியும் இதே மாதிரி சுருண்டிருக்கிறது, ஆனால் புல்லுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதையும் காட்டினாள். புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைகளை மட்டும் முறுக்குகிற களைக்கொல்லி ஒன்று இருக்கிறது, மந்தாரைக்கு அது ஆகவே ஆகாது, ஒரு சொட்டு போதும் என்றாள். எதிர்வீட்டு மந்தாரை நன்றாக இருப்பதால் காற்றில் வந்ததாகவும் தெரியவில்லை. இந்தக் காம்பவுண்டுக்குள்ளேதான் யாரோ அடித்திருக்கிறார்கள்.

களைக்கொல்லி என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவுக்குத் தெம்பு வந்துவிட்டது. விஷம் விஷம்தானே, வேரில் ஊற்றினால் என்ன, இலையில் அடித்தால் என்ன? ஆனால் மர டாக்டர் நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து, இந்த மரத்துக்கு நீங்கள் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்க ஆரம்பித்தாள்.

இதற்கு அக்கா எப்போதும் தயார். உள்ளே போய்த் தன் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். தேதி, மருந்து, அளவு, அன்றைய வெயில் உட்பட எல்லாம் அதில் இருந்தது. கீழ்க்கிளையில் மாவுப்பூச்சி தெரிந்ததும் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடித்தது, இலை சுருண்ட பிறகு உள்ளே பூச்சி ஒளிந்திருக்குமோ என்று வாரத்துக்கு இரண்டு தடவை அடித்தது, ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள். மர டாக்டரே அசந்துபோனாள். இப்படி எழுதி வைக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை என்றாள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"எதுல அடிச்சீங்க?" என்று கேட்டாள் மர டாக்டர்.

அது நோட்டில் இல்லை. அக்கா பின்பக்க அலமாரியைத் திறந்து காட்டினாள். இரண்டு ஸ்பிரேயர்கள், இரண்டு தட்டில். ஒன்றின் மேல் சிவப்பு டேப் சுற்றி, 'களைக்கொல்லிக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நடைபாதைக் கல் இடுக்கில் முளைப்பதற்கு அடிப்பது அது. இன்னொன்றின் மேல் நீல டேப், 'மரத்துக்கு மட்டும்.' இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது என்று நடுவில் ஒரு பலகை வேறு. மருந்துக் கவுண்டர்காரியின் வீடு என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

மர டாக்டர் இரண்டையும் வெளியே எடுத்து வெயிலில் வைத்துப் பார்த்தாள். சிவப்பு டேப் போட்டது பழைய டப்பா, ஆனால் அதில் மாட்டியிருந்த ரப்பர் டியூப் புத்தம் புதுசு, குட்டையானது. நீல டேப் போட்டது புது டப்பா, அதன் டியூப் பழசு, நீளம், பழுப்பேறிப் போனது. இது எப்படி என்று கேட்டாள்.

"புதுசா வாங்கினதுல டியூப் குட்டையா இருந்தது. கிளைக்கு எட்டல. பழசுல நல்ல நீளமான டியூப், அதைக் கழட்டி இதுல மாட்டிட்டேன். குட்டையை அதுல மாட்டினேன், கீழே அடிக்கத்தானே, அது போதும். சும்மா மாட்டல, அஞ்சு தடவை தண்ணி விட்டுக் கழுவி..."

அக்காவின் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. தன் வாயால் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

தண்ணீரில் கழுவினால் அது போகாது என்று மர டாக்டர் மெதுவாகச் சொன்னாள். எண்ணெய்ப் பசை உள்ள களைக்கொல்லி ரப்பருக்குள் ஊறிப்போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீருக்கு அசையாது. எண்ணெயும் சோப்பும் அதன் வழியாகப் போனால் கரைந்து வெளியே வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் மருந்து என்று நினைத்து அதைத்தான் இலைமேல் அடித்திருக்கிறீர்கள். சுருண்டதைப் பார்த்து இன்னும் அடித்திருக்கிறீர்கள். எண்ணெயில் கரைவது தண்ணீருக்கு வராது என்பது மருந்தாளர் படிப்பில் முதல் வருஷப் பாடம். அக்காவுக்கு யாரும் அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மரம் பிழைத்துக்கொள்ளும் என்றாள் மர டாக்டர். அடிப்பதை நிறுத்த வேண்டும், டியூப்பைத் தூக்கிப்போட வேண்டும், கீழே ஒன்றிரண்டு சிறு கிளைகள் காய்ந்தாலும் காயும், அடுத்த தளிர் நேராக வரும். அக்கா தலையாட்டினாள். மரத்தைப் பற்றி அவள் அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை. மேஜைமேல் இருக்கிற இரண்டு பக்கத்தைத்தான் நினைத்தாள். பிறகு கேட்டாள்.

"அறிக்கையில, களைக்கொல்லியால வந்த சேதம்னு மட்டும் எழுதினா போதாதா? எப்படி வந்துச்சுன்னு எழுதணுமா?"

கேட்டுவிட்டு அவள் செம்பருத்தியைப் பார்த்தாள். மர டாக்டருக்கு மாடியில் இருக்கிற தம்பியைப் பற்றி ஒன்றும் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

"எழுதணும் மேடம். இல்லன்னா ஒரு மாசம் கழிச்சு நீங்களே மறந்துபோய் அதே டியூப்ல திரும்ப அடிப்பீங்க."

ஆனாலும் ஊகத்தை அறிக்கையாக எழுதுகிற வழக்கம் தனக்கு இல்லை என்றாள். வண்டியிலிருந்து இரண்டு காகிதக் கோப்பைகளை எடுத்து வந்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு இலை விட்ட பீன்ஸ் நாற்று. எங்கே போனாலும் இவற்றைக் கொண்டுபோவாளாம், சாட்சிகள் என்று பெயர் வைத்திருந்தாள். சோப்புத் தண்ணீரை அந்த நீள டியூப்புக்குள் நிரப்பி, மாலைவரை ஊறவைத்து, ஒரு நாற்றின் மேல் தெளிக்க வேண்டும். மற்றதன் மேல் சாதாரணச் சோப்புத் தண்ணீர். நாலு நாளைக்குள் தெரிந்துவிடும், போட்டோ அனுப்புங்கள், அறிக்கையை முடித்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா அன்று மாலையே தெளித்தாள். இரண்டு கோப்பைகளையும் சமையலறை ஜன்னலில் வைத்தாள். கடிதத்தைக் கிழிக்கவில்லை, கவிழ்த்து வைத்தாள். மாடியில் தம்பி நடக்கிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு படி ஏறினால் முடிகிற விஷயம். ஆனால் இன்னும் நிரூபணம் ஆகவில்லையே என்று தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவு வராமல் மருந்து கொடுப்பார்களா? மாட்டார்கள். அதனால் காத்திருப்பதுதான் முறை. முறை என்றால் அக்காவுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை மாலை வேலையிலிருந்து வந்து பார்த்தபோது ஒரு நாற்று லேசாகச் சாய்ந்திருந்தது. வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்கிறது என்று சொல்லிக் கோப்பையைத் திருப்பி வைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சால்ஜாப்பும் செல்லவில்லை. தண்டு கொக்கி மாதிரி வளைந்து, இரண்டு இலையும் கரண்டிக் குழியாகச் சுருண்டு நின்றது. பக்கத்தில் மற்றது நிமிர்ந்து நின்றது. போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு அவள் வேலைக்குப் போனாள். அன்று சாயங்காலமும் மாடிக்குப் போகவில்லை. தலைவலி என்றாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே சொல்லிக்கொண்டாள். வெட்கம்தான், வேறென்ன. முப்பத்தொரு பேருக்கு முன்னால் சொன்ன சொல்லை எப்படி வாய்க்குள் திரும்பப் போட்டுக்கொள்வது?

புதன்கிழமை மாலை அறிக்கை வந்தது. ஒரு பக்கம். கடைசிப் பத்தியில், களைக்கொல்லிக்குப் பயன்படுத்திய டியூப்பை மரத்துக்கான ஸ்பிரேயரில் மாட்டியதே காரணம், மண்ணில் நச்சு எதுவும் இல்லை என்று பட்டவர்த்தனமாக எழுதியிருந்தது. அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். செருப்பைப் போடாமல் படியேறினாள்.

தம்பி கூடத்தில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் தம்பி மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் குழந்தை ஏழு வாரத்துக்கு முன்புவரை தினமும் கீழே ஓடி வரும்.

"மரத்துக்கு விஷம் வெச்சது நான்தான்" என்றாள் அக்கா.

குத்திக்காட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்துத் தம்பி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றான். அவள் போனை நீட்டி அறிக்கையைக் காட்டினாள். டியூப், சோப்பு, வேப்பெண்ணெய், பீன்ஸ் நாற்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அறிக்கையைப் படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். பிறகு நாற்காலியில் மடித்து வைத்திருந்த சட்டைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ பிளீச்சிங் பவுடர் இல்லையா?" என்று கேட்டான்.

எந்த பிளீச்சிங் பவுடர் என்று அக்காவுக்குப் புரியவில்லை. அவன் சொன்னான். சண்டை போட்ட வாரம் அவன் மொட்டைமாடித் தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருக்கிறான். தொட்டியிலிருந்து வெளியேறுகிற குழாய் மரத்தடியில்தான் முடிகிறது. கழுவின தண்ணீர் முழுக்க வேருக்குப் போய்விட்டது. நாலைந்து நாளில் இலை சுருண்டதும் தான்தான் மரத்தைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்தான். மண்ணில் இருக்கிற மருந்தைக் கழுவி இறக்கிவிடலாம் என்று, அக்கா எழுந்திருக்குமுன் தினமும் பத்துப் பக்கெட் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ குரூப்ல போட்டுட்டே. விஷம்னு நீ சொன்னது தப்பில்லையே, நான் ஊத்தினதுதானேன்னு இருந்துட்டேன். நீயும் ஒரு வார்த்தை கேக்கல."

கவுண்டரில் நிற்கிற முன்பின் தெரியாதவரிடம்கூட, வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா, முன்னால் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று நாலு கேள்வி கேட்காமல் அக்கா ஒரு மாத்திரை கொடுத்ததில்லை. அங்கேயே நின்று அழுதாள். அழுதுகொண்டே போனை எடுத்துக் குழுவில் எழுதினாள். மரத்தைக் கெடுத்தது தான்தான் என்றும், தம்பிமேல் போட்ட பழி பொய் என்றும், எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் எழுதி, திருப்பிப் படிக்காமல் அனுப்பினாள். இஸ்திரி மேஜைமேல் கிடந்த தம்பியின் போன் ஒரு தடவை அதிர்ந்தது. அவன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான்.

"நேத்து சாயங்காலம் மரப் பிரிவுக்குப் போயிருந்தேன்" என்றான்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ அங்க போய் விசாரிச்சிட்டு வந்தது எனக்குத் தெரியும். உன் கையால புகார் வர வேண்டாம்னு நானே எழுதிக் கொடுத்துட்டேன். தொட்டி கழுவின தண்ணியை மரத்துக்கு விட்டது நான்தான், தெரியாம செஞ்சதுன்னு. வாங்கி வெச்சுக்கிட்டாங்க. ஆபீசுக்கு நகல் போகும்னு சொன்னாங்க. இன்னைக்குப் போயிருக்கும்."

நாளைக் காலையில் நானே அறிக்கையோடு போகிறேன், நீ கொடுத்ததைத் திரும்ப வாங்குகிறேன், உன் ஆபீசுக்கும் வருகிறேன் என்றாள் அக்கா. எடுபடுமா என்று தெரியாது என்றான் தம்பி. குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட தாள் அது. அப்படிப் போன தாள் திரும்பி வந்ததை அவன் பதினெட்டு வருஷத்தில் பார்த்ததில்லை. அவன் குரலில் கோபம் இல்லை. ஆபீஸ் நடைமுறையை விளக்குகிற குரலிலேயே சொன்னான்.

பிறகு கேட்டான்.

"உனக்கு இது எப்போ தெரிஞ்சுது?"

அக்காவிடம் மூன்று பதில்கள் இருந்தன. அறிக்கை வந்தது இன்றைக்கு. அது பொய் இல்லை, போனிலேயே நேரம் இருக்கிறது. நாற்று வளைந்தது நேற்றுக் காலை. அதுவும் பொய் இல்லை. இன்றைக்கு என்று சொன்னால் அவன் நம்பிவிடுவான், கேள்வியே கேட்காமல் நம்புவான்.

"சனிக்கிழமையே தெரியும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுத்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நசுங்கிப்போன சட்டைகளை உட்கார்ந்த இடத்திலிருந்து உருவி எடுத்தான். மேலே இருந்ததை உதறி மேஜைமேல் விரித்தான்.

"பத்து மணிக்குத் திறப்பாங்க" என்றான். "சீக்கிரம் போனா கூட்டம் இருக்காது."

சரி என்றாள் அக்கா. சின்ன வயதிலிருந்து அவள் என்ன சொன்னாலும், என்ன செய்தாலும், "பரவால்லக்கா, விடு" என்று இவன் ஒருவன்தான் சொல்லியிருக்கிறான். அதற்காகக் கதவருகில் கொஞ்ச நேரம் நின்றாள். அவன் காலரை நீவி, பெட்டியை எடுத்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா படியிறங்கினாள்.